மில்லியனும் பில்லியனும்



இலட்சம், கோடி என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலச் செய்தித்தாளைப் புரட்டினாலோ மில்லியன், பில்லியன் என்ற சொற்களே கண்ணில் படுகின்றன. இரண்டும் ஏதோ பெரிய தொகை என்று கருதிக் கடந்து போகிறோம். அவற்றிடையே உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்த்ததுண்டா?

மில்லியன் என்பது 10 இலட்சம். 1-ஐ அடுத்து 6 சுழியங்கள். பில்லியன் என்பது 1,000 மில்லியன். அதாவது 100 கோடி. 1-ஐ அடுத்து 9 சுழியங்கள். காலத்தால் அளந்தால் எளிதில் விளங்கும். ஒரு மில்லியன் வினாடிகள் கழிய ஏறத்தாழ பதினொன்றரை நாட்கள் போதும். ஒரு பில்லியன் வினாடிகள் கழியவோ 31 ஆண்டுகளுக்கு மேலாகும். இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தை அதற்குள் முப்பது வயதைத் தாண்டிவிடும்!

என் தாத்தாவின் பழைய அகராதியில் பில்லியனுக்கு 'மில்லியன் மில்லியன்' என்று பொருள் போட்டிருந்தது. அதாவது 12 சுழியங்கள். ஒரு இலட்சம் கோடி! அகராதி தவறா, வகுப்பில் கற்றது தவறா என்று திகைத்தேன். ஆராய்ந்தபோது இரண்டுமே சரி என்று தெரிந்தது.

1484-இல் நிக்கொலா சுக்கே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், மில்லியனை மில்லியனால் பெருக்கி வரும் தொகையையே இச்சொல்லால் குறித்தார். சொல்லின் முதலில் உள்ள 'பி', இரண்டு என்பதைக் காட்டுவது. பிற்காலத்தில் பிரான்சில் சிலர் ஆயிரம் மில்லியனைப் பில்லியன் என்றனர். அமெரிக்கர் அதனை ஏற்றனர். இங்கிலாந்து மட்டும் பழைய பொருளை நெடுங்காலம் விடவில்லை. 1974 டிசம்பரில்தான், அமைச்சர்கள் ஆயிரம் மில்லியன் என்ற பொருளிலேயே இச்சொல்லை வழங்குவர் என்று பிரதமர் ஹெரால்டு வில்சன் பாராளுமன்றத்தில் தெரிவித்தார். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மொழிகளில் இன்றும் பழைய பொருளே நிலவுகிறது.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? இந்திய மக்கள் தொகை 1.4 பில்லியனுக்கு மேல். பழைய பொருளில் கொண்டால் அது 1.4 இலட்சம் கோடியாகிவிடும். உலக மக்கள் அனைவரையும் கூட்டினாலும் அதில் நூற்றில் ஒரு பங்கு தேறாது!

எனவே தோழியரே, பழைய ஆங்கில நூலில் பில்லியனைக் கண்டால், அந்நூல் எந்நாட்டில், எவ்வாண்டில் அச்சானது என்று முதலில் பாருங்கள். சுழியந்தானே என்று அலட்சியம் செய்யாதீர்கள். மூன்று சுழியங்கள் விடுபட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும்.