இருளுக்குள் பிறக்கும் விண்மீன்கள்



கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமையில் கோடைப் பகலின் கொடுமையை நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கதிரவன் மறைந்து நெடுநேரம் சென்ற பின்னரும், மண்ணுக்குச் சற்று மேலே கையை நீட்டினால் வெம்மை உறைக்கின்றது. அவ்வெம்மையில் ஒரு பங்கு, கண்ணுக்குப் புலனாகாத ஒளியாக வருகின்றது. அதனையே அகச்சிவப்புக் கதிர் என்கின்றோம்.

ஆடி மாதத்து முன்னிரவில், அதே கரிசற் காட்டில் நின்று தென்வானத்தை நோக்குங்கள். விருச்சிகத்தின் அருகே பால்வீதியில் கரிய திட்டுகள் சில தோன்றும். பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர், விருச்சிகத்தில் இத்தகைய இடமொன்றைக் கண்டு, அதனை வானத்தில் அமைந்த துளை என்று கருதினார். அது துளையன்று, வாயுவும் நுண்துகளும் செறிந்த முகில். அதன் உள்ளே ஏறத்தாழ பூஜ்யத்திற்குக் கீழே 260 பாகை குளிர் நிலவுகின்றது. அக்குளிரில் வாயு தன் ஈர்ப்பினாலேயே சுருங்கித் திரண்டு, விண்மீனாக உருவெடுக்கின்றது.

பிறக்கும் விண்மீன் நம் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை? துகள்கள் அதன் ஒளியை விழுங்கியும் சிதறடித்தும் விடுகின்றன. அகச்சிவப்புக் கதிரோ நீண்ட அலையுடையது. ஆதலின் துகள்களிடையே பெரிதும் தடையின்றி வெளிவருகின்றது. விண்மீனால் சூடேறிய துகள்களும் அதே கதிரை வீசுகின்றன. 1800ஆம் ஆண்டில், முப்பட்டகம் பிரித்த நிறமாலையின் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து இக்கதிரைக் கண்டுபிடித்தவரும் ஹெர்ஷலே! தாம் துளையென்று எண்ணிய இடத்தின் உட்புறத்தைக் காட்டவல்லது இக்கதிரே என்பதை அவர் அறிந்திலர். 1967இல் பெக்ளின், நியூகெபௌவர் என்னும் இருவர், சாதாரண ஒளியில் காணவியலாத இளம் விண்மீன் ஒன்றை, மிருகசீரிடத்தை அடுத்துள்ள ஓரியன் முகிலில், இக்கதிரைக் கொண்டு கண்டறிந்து அறிவித்தனர்.

நம் சீமையும் வறண்டதுதானே, இங்கே இவ்வாராய்ச்சியை நடத்தலாகாதா என்று நீங்கள் வினவக்கூடும். மண் வறண்டதாயினும், நம் தலைக்கு மேலுள்ள காற்றில் நீராவி உண்டு. அது அகச்சிவப்புக் கதிரில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். ஆகவேதான் நம் நாட்டினர் லடாக்கில், 4500 மீட்டர் உயரமுள்ள ஹான்லேயில், 2 மீட்டர் விட்டமுள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கியை நிறுவினர். 2021 டிசம்பர் 25ஆம் நாள் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ காற்றையே கடந்து நின்று, தன் வெம்மை குறுக்கிடாவண்ணம் கடுங்குளிரில் இயங்குகின்றது.

இதனால் நமக்கு என்ன பயன்? நம் கதிரவனும் ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இத்தகைய முகிலொன்றில்தான் பிறந்தது. நாம் உழும் கரிசலில் உள்ள இரும்பும் சுண்ணாம்பும் அம்முகிலில் மிதந்தவையே. எனவே, அவ்விருளை ஆராய்வது நம் பிறப்பை ஆராய்வதேயாகும். கண்ணுக்குத் தோன்றாததை இல்லையென்று முடிவு கட்டுமுன், அதனைக் காண வேறு வழியுண்டா என்று கேளுங்கள். அறிவியல் அக்கேள்வியிலேதான் தொடங்குகின்றது.