புகைக்கறி செய்ய ஆசையா? தறி இருக்கிற வீட்டுக்குள்ள வேணாம்... மொட்டை மாடிக்குப் போங்க!

காஞ்சீபுரம்,

செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, "நாமளும் கறிக்குப் புகை போட்டுப் பார்த்தா என்ன?" என்று கிளம்பும் இளசுகள் இப்போது எல்லா ஊரிலும் உண்டு. பட்டுக்கும் கோவிலுக்கும் பேர் போன காஞ்சீபுரத்தில் இந்த ஆசை வந்தால், அடுப்பைப் பற்ற வைக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்து கொள்வது நல்லது. அவசரப்பட்டால் ருசிக்கு பதில் வயிற்று வலிதான் மிஞ்சும்.

பாட்டி காலத்து சமாசாரம்

கறியைக் காய வைத்து, புகை காட்டிப் பாதுகாப்பது வெளிநாட்டில் இருந்து வந்த வித்தை இல்லை. பிரிட்ஜ் இல்லாத காலத்தில் மிஞ்சிய ஆட்டுக்கறியை நீளமாக அரிந்து, உப்பு, மஞ்சள் தூள் தடவி, கயிற்றில் கோர்த்து வெயிலில் காய வைத்தார்கள். அதுதான் உப்புக்கண்டம். விறகு அடுப்புக்கு மேலே தொங்க விட்டு புகை காட்டியதும் உண்டு.

கடலோரத்தில் மாசிக் கருவாடும் இதே கதைதான். லட்சத்தீவில் சூரை மீனை வேக வைத்து, புகை போட்டு, வெயிலில் காய வைத்து மாசி தயாரிக்கிறார்கள். இலங்கையில் சம்பலுக்கு மாசி இல்லாமல் ருசி இல்லை.

புகை என்ன செய்யுது?

உப்பு கறியில் உள்ள தண்ணீரை இழுத்து வெளியே விடுகிறது. தண்ணீர் குறைந்தால் கிருமி வளர முடியாது. புகை மேல்பக்கத்தைக் காய வைத்து, மணமும் நிறமும் தருகிறது. ஆனால் புகை மேலோட்டமாகத்தான் வேலை செய்யும். உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்வது சூடு மட்டுமே. புதுசாக ஆரம்பிப்பவர்கள் தப்பு பண்ணுவது இந்த இடத்தில்தான்.

புகை போடுவதில் இரண்டு வகை. சூட்டோடு போடுவது ஒன்று. கறி வேகாமல், 30 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த புகையில் வைப்பது இன்னொன்று. சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் ஊரில் குளிர்ந்த புகைக்கு வழியே இல்லை. ஆகவே அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

முதல் படி: கரித்துண்டு, ஒரு ஸ்பூன் நெய்

புதுசாகத் தொடங்குபவர்களுக்கு ரொம்ப சுலபமான வழி இது. கறியை வழக்கம்போல குழம்பாகவோ, வறுவலாகவோ முழுசாக வேக வைத்துவிட வேண்டும். பாத்திரத்தின் நடுவில் சின்ன கிண்ணம் வைத்து, கனன்று சிவந்த ஒரு கரித்துண்டைப் போட்டு, அதன் மேல் ஒரு ஸ்பூன் நெய் விட்டால் புகை கிளம்பும். உடனே மூடி போட்டு 5 நிமிடம் விட்டால் போதும். கறி ஏற்கனவே வெந்துவிட்டதால் பயம் இல்லை.

இரண்டாம் படி: கோழிக்கால்

ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் உப்பு கரைத்து, கோழிக்காலை 4 மணி நேரம் ஊற வைக்க வேண்டும். ஊறுவது பிரிட்ஜுக்குள் மட்டும்தான், சமையல் மேடையில் இல்லை. பிறகு எடுத்து ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். ஈரமாக இருந்தால் புகை சரியாகப் பிடிக்காது.

மூடி உள்ள கரி அடுப்பில் ஒரு ஓரமாக கொட்டாங்குச்சிக் கரியைப் பற்ற வைத்து, எதிர் ஓரத்தில் கம்பி வலை மேல் கறியை வைக்க வேண்டும். நெருப்புக்கு நேர் மேலே வைத்தால் வெளியே கருகும், உள்ளே வேகாது. கரி மேல் நன்றாகக் காய்ந்த மா அல்லது கொய்யா விறகு இரண்டு துண்டு போட்டால் புகை வரும்.

உள்ளே சூடு 110 முதல் 120 டிகிரி வரை இருந்தால், கோழிக்கால் வேக ஒன்றரை முதல் 2 மணி நேரம் ஆகும். புகை மெல்லிசாக வர வேண்டும். வெள்ளை வெளேர் என்று கட்டியாக வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். கறி கசந்துவிடும்.

கலரை நம்பாதீங்க!

புகை பட்ட கறி நன்றாக வெந்த பிறகும் உள்ளே ரோஸ் கலரில் இருக்கும். அதனால் கண்ணை நம்பி பிரயோஜனம் இல்லை. கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் வாங்குவதே நல்லது. கோழியின் உள்சூடு 74 டிகிரியைத் தொட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் குக்கரில் வேக வைத்து எடுத்து, அரை மணி நேரம் மட்டும் புகை காட்டினால் போதும்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற நாளில் சமைத்த கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.

புதுசாகத் தொடங்குபவர்கள் சாசேஜ், பாட்டிலில் அடைத்த கறி பக்கமே போகக் கூடாது. காற்று புகாத இடத்தில் வளரும் ஒரு கிருமி, நரம்பை முடக்கும் விஷத்தை உண்டாக்கும். 1820-களில் ஜெர்மனி டாக்டர் யுஸ்டினுஸ் கெர்னர், சாசேஜ் தின்று செத்தவர்களை ஆராய்ந்து இதைப் பற்றி எழுதினார். 'பாட்டுலிசம்' என்ற பெயரே சாசேஜைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்ததுதான். பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, முழுங்க முடியாமல் போவது இதன் அறிகுறிகள். அப்படி ஆனால் உடனே 108-க்கு போன் போட வேண்டும்.

கறி பதப்படுத்த விற்கும் 'பிங்க் சால்ட்' வேறு, இந்துப்பு வேறு. கலர் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றிப் போட்டால் ஆபத்து.

தறி வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

காஞ்சீபுரத்தில் நெசவாளர் வீடுகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஒரு புடவை நெய்து முடிக்க 10, 15 நாள், டிசைனைப் பொறுத்து அதற்கு மேலும் ஆகும். அவ்வளவு நாளும் பாவு தறியிலேயே கிடக்கும். பட்டு நூல் வாசனையை சீக்கிரம் பிடித்துக் கொள்ளும். கரித்தூசி பட்டால் வெளிர் கலர் பட்டில் கறை தெரியும். கறிப்புகை வாசனை அடிக்கும் முகூர்த்தப் புடவையை யார் வாங்குவார்கள்?

கரி அடுப்பை வீட்டுக்குள் வைப்பது உயிருக்கும் ஆபத்து. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மொட்டை மாடியோ, பின்கட்டோதான் சரி. பக்கத்தில் ஓலைக் கூரை இருக்கக் கூடாது. ஒரு வாளி தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பெயிண்ட் அடித்த கட்டை, பிளைவுட், பேக்கிங் பெட்டிப் பலகை எரிக்கவே கூடாது. அரளிக் குச்சி விஷம். அதை அடுப்பில் வைப்பதும், கறி கோர்க்க எடுப்பதும் கூடாது. துத்தநாகம் பூசிய தகர டின்னும் வேண்டாம்.

பக்கத்து வீட்டில் ஆஸ்துமாகாரர், கைக்குழந்தை இருந்தாலோ, மாடியில் துணி காய்ந்தாலோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிப்பது மரியாதை. சைவம் சாப்பிடுகிற வீடுகள் நிறைந்த தெருவில், அதுவும் புரட்டாசி சனிக்கிழமையில் புகை போட்டால் சண்டை நிச்சயம்.

தினமும் வேணாம்

புகை போட்டது உள்பட பதப்படுத்திய கறி வகைகள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-ல் அறிவித்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது அதன் கணக்கு. எப்பவாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றால் பரவாயில்லை. தினசரி பழக்கம் ஆக்கிக் கொள்ளக் கூடாது.

கறி கெட்டால் அரை கிலோ காசோடு போச்சு. பாவு கெட்டால் பல நாள் கூலி போச்சு. உடம்பு கெட்டால்..?