எங்கட ஆக்கள் எழுதின புத்தகங்கள்

வேலணையில் ஒரு தையல் நிலையத்தில் புத்தகங்களைப் பற்றிக் கதைக்க வரும்படி கேட்டிருந்தார்கள். நானும் ஆயத்தமாகப் போய், தமிழ்நாட்டு எழுத்தாளர்கள் இருவரின் பெயரைச் சொல்லித் தொடங்கினேன். மெசினில் இருந்து கையெடுக்காமலே ஒரு பிள்ளை கேட்டாள்: "அக்கா, எங்கட ஊரைப் பற்றி ஆரும் எழுதேல்லையோ? நாங்கள் பட்டது ஒரு புத்தகத்திலயும் இல்லையோ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கட ஆக்கள் எழுதாமல் இருக்கவில்லை. எழுதிய புத்தகங்கள்தான் இவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. அன்று அவளுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஆறுதலாகச் சொல்கிறேன்.

தீவு ஆட்களுக்குக் கடை நடத்தத்தான் தெரியும் என்று பட்டணத்தில் ஒரு கதை உண்டு. கடையும் நடத்தினோம்தான். ஆனால் தனிநாயகம் அடிகளார் பிறந்ததும் இங்கே கரம்பனில்தான். புங்குடுதீவில் பிறந்த மு. தளையசிங்கம் ஆசிரியராக இருந்துகொண்டே சிறுகதை, நாவல், விமர்சனம் எல்லாம் எழுதினார். அவருடைய 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' என்ற நூல் 1956 முதல் 1963 வரை ஈழத்தில் எழுதியவர்களை எடுத்துப் பேசுகிறது. தெரிந்தவர், கூட எழுதுகிறவர் என்பதற்காக அவர் எவரையும் தட்டிக்கொடுத்து விடவில்லை. இன்று எங்களிடம் அந்தத் துணிவு குறைவு. வெளியீட்டு விழா மேடையில் எல்லாப் புத்தகமும் அருமையான புத்தகந்தான்!

ஆனாலும் தளையசிங்கத்தை முதலில் எடுக்க வேண்டாம் என்பேன். தத்துவம் கொஞ்சம் கடினம். ஒன்றை மட்டும் அறிந்து வைத்திருங்கள். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடந்து நடந்து கால் தேய்ந்தவர்கள் நாங்கள். அந்தத் தண்ணீர்க் கிணற்றிலும் சாதி பார்த்த காலத்தில், 1971இல், எல்லோரும் அள்ள வேண்டும் என்று புங்குடுதீவில் நடந்த சத்தியாக்கிரகத்தில் முன்னுக்கு நின்று பொலிசாரிடம் அடிவாங்கியவர் அவர். 1973இல், நாற்பது வயதாகுமுன்பே காலமானார்.

முதலில் எடுக்க வேண்டியது சு. வில்வரத்தினத்தின் 'காற்றுவெளிக் கிராமம்'. இவரும் புங்குடுதீவுதான். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்குப் போனபோது நாங்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்தோம். வீடு, கிணறு, கோயில், கட்டியிருந்த மாடு எல்லாம் பின்னால் நின்றன. ஆளில்லாத அந்த ஊரில் என்ன நடந்திருக்கும் என்று எத்தனை இரவு யோசித்திருப்போம்? அந்த வெறுமையைப் பற்றிய கவிதைகள் இவை. பெரிய சத்தம் இல்லை. பாடிக்காட்டக் கூடிய குரல் வளம் உள்ள கவிஞர் அவர், ஆதலால் இவற்றை மனதுக்குள் வாசிக்காமல் வாய்விட்டு வாசியுங்கள். அப்போதுதான் ஓசை பிடிபடும். கவிதை விளங்காது என்று பயப்படவும் வேண்டாம். விட்டுவிட்டு வந்த முற்றம் உள்ளவர்களுக்கு இதில் விளங்காதது அதிகம் இல்லை. 2001இல் அவருடைய கவிதைகள் 'உயிர்த்தெழும் காலத்திற்காக' என்ற பெரிய தொகுப்பாகவும் வந்தன. 2006 டிசெம்பரில் அவர் மறைந்தார்.

நெடுந்தீவுச் சகோதரிகள் கோபிக்கக் கூடாது. உங்களுக்கும் இருக்கிறது. வ.ஐ.ச. ஜெயபாலனின் 'நெடுந்தீவு ஆச்சிக்கு' என்ற கவிதையைத் தேடிப் பாருங்கள். பாரிசில் வாழ்ந்து 2015இல் மறைந்த கி.பி. அரவிந்தன் நெடுந்தீவில் பிறந்தவர். அவருடைய 'கனவின் மீதி' அகதியாகப் போன இடத்துக் குளிரையும் தனிமையையும் சொல்கிறது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ரெலிபோனுக்குக் காத்திருக்கிற தாய்மாருக்கு, அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரியவரும்.

அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்த நாவல். எங்கள் தீவின் பேச்சு மொழி அதில் அப்படியே இருக்கிறது. சிரிப்பும் வரும். ஆனால் அடியும் கொலையும் நிறைய. 1985 மே 15 குமுதினிப் படகு, 1990 மண்டைதீவு, 2006 அல்லைப்பிட்டி என்று சொல்லும்போதே நெஞ்சு பதறுகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் புத்தகத்தை நான் கொடுக்கமாட்டேன். கொடுக்காமல் விடுவதும் சிபாரிசின் ஒரு பகுதிதான். நல்ல புத்தகம் என்பதற்காக எல்லோரும் எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் ஆண்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆண்கள் ஊரை எழுதினார்கள். அடுப்பையும், காணாமல் போனவரின் படத்தையும், விதானையாரின் கடிதத்துக்கு அலைகிற அலைச்சலையும் எழுதப் பெண்கள் வேண்டியிருந்தது. அதற்குத் தீவுக்கு வெளியே கொஞ்சம் போக வேண்டும்.

தாமரைச்செல்வி பரந்தன் பக்கத்தவர். 'ஒரு மழைக்கால இரவு', 'வன்னியாச்சி' என்ற சிறுகதைத் தொகுதிகள் அவருடையவை. இடம்பெயர்ந்து மரத்தடியிலும் கிடுகுக் கொட்டிலிலும் இருந்தவர்களின் கதைகள். தீவிலிருந்து போய் வன்னியிலும் அலைந்தவர்கள், "இது என்ர கதையெல்லோ" என்பார்கள். பத்து நிமிசத்தில் ஒரு கதை முடியும். சோறு வடிக்கிற நேரம் போதும். விழிசிட்டிக் கோகிலா மகேந்திரன் உளவளத்துணை வேலையும் செய்தவர். அவர் கதைகளில் மனிதரின் மனம்தான் முன்னுக்கு நிற்கும்.

கவிதையென்றால் 'சொல்லாத சேதிகள்'. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட சின்னப் புத்தகம். பத்துப் பெண்களின் கவிதைகள். ஈழத்துப் பெண்கள் தங்கள் பாட்டைத் தாங்களே சொன்ன முதல் தொகுப்பு என்று அதைச் சொல்வார்கள். அதில் எழுதிய சிவரமணி 1991இல், இருபத்திரண்டு வயதில், தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தன் உயிரையும் முடித்துக்கொண்டார். மற்றவர்களிடம் எஞ்சியிருந்தவை 1993இல் 'சிவரமணி கவிதைகள்' என்று வந்தன. கூர்மையான கவிதைகள். ஆனால் மனம் தளர்ந்திருக்கிற நாளில் தனியே இருந்து வாசிக்காதீர்கள். பக்கத்தில் ஒருத்தியைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புத்தகங்கள் கடைகளில் ஏன் இலேசாகக் கிடைப்பதில்லை என்று கேட்பீர்கள். எங்கள் நாட்டில் தமிழில் எழுதுகிறவர் பெரும்பாலும் தானே காசு போட்டுத்தான் அச்சடிக்கிறார். சில நூறு பிரதிகள். விழாவுக்கு வந்தவர்கள் என்வலப்பில் காசு வைத்து வாங்குவார்கள். மிச்சம் கட்டிலுக்குக் கீழே. என் முதல் புத்தகத்துக்கு ஒரு சோடிக் காப்பு அடைவுக்குப் போனது. மீட்க இரண்டு வருசம் எடுத்தது. அந்தப் பிரதிகள் முடிந்தால் பிறகு மறுபதிப்பு என்பது அருமை.

ஆகையால் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரதேச சபை நூலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் எடுத்துத் தரும்படி எழுதிக் கொடுங்கள். கேட்க ஆளிருந்தால்தான் வாங்குவார்கள். பிள்ளைகளின் கையில் போன் இருந்தால், 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. தேடுகிற இடத்தில் எழுத்தாளரின் பெயரைத் தமிழில் அடித்தாலே போதும். கண் தெரியாதவர்களுக்குப் பிள்ளை வாசித்துக் காட்டலாம்.

தையல் நிலையத்துப் பிள்ளை அன்று என்னிடமிருந்த 'காற்றுவெளிக் கிராம'த்தை வாங்கிக்கொண்டு போனாள். மூன்று மாதம் கழித்துக் குறிகட்டுவான் பஸ்ஸில் கண்டேன். "முடிஞ்சுதோ?" என்றேன். "எங்க அக்கா! ஒரு பக்கம் வாசிச்சால் மாமி அழுகிறா. நிப்பாட்டினால் ஏன் நிப்பாட்டினனி எண்டு பேசுறா" என்றாள். அடுத்ததாக 'வன்னியாச்சி'யைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமென்று எடுத்து வைத்திருக்கிறேன்.