சர்வர் அறையில் வீணாகும் மின்சாரம்: எங்கே போகிறது, எப்படிக் குறைப்பது?

விடுமுறை நாளிலும் ஓடிக்கொண்டிருப்பது அலுவலகத்தின் சர்வர் அறை. கணக்கு மென்பொருளுக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, கேமரா பதிவுகளுக்கு ஒன்று என ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சேர்த்த சர்வர்கள் அங்கே இருக்கும். ஆண்டின் 8,760 மணி நேரமும் அவை ஓடுவதால், ஒரு வாட் வீணானாலும் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 9 யூனிட் ஆகிவிடும். இதைக் குறைக்கப் புதிய இயந்திரம் வாங்க வேண்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால், பெரும் மிச்சம் எதையும் வாங்காமலே கிடைக்கக்கூடியது.

சும்மா இருந்தாலும் செலவு

வேலை குறைந்தால் சர்வரின் மின்செலவு அதே அளவுக்குக் குறைவதில்லை. கூகுள் பொறியாளர்கள் லூயிஸ் பரோசோ, உர்ஸ் ஹோல்ஸ்லே இருவரும் 2007இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசியது. சர்வர்கள் பெரும்பாலான நேரம் தம் திறனில் 10 முதல் 50 சதவீதம் வரையே உழைக்கின்றன. ஆனால், சும்மா இருக்கும்போதே உச்ச மின்செலவில் பாதியளவை இழுக்கின்றன என்றார்கள். புதிய சர்வர்கள் இதில் தேறியிருக்கின்றன, பழையவை அப்படியேதான்.

செலவு அதோடு நிற்பதில்லை. சர்வர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அதை வெளியேற்ற ஏ.சி. ஓட வேண்டும். யு.பி.எஸ். வழியாக வரும்போதும் கொஞ்சம் இழப்பு. அறைக்குச் செல்லும் மொத்த மின்சாரத்தை, கணினிக் கருவிகள் பயன்படுத்தும் மின்சாரத்தால் வகுத்தால் வரும் எண்ணை ‘பி.யு.இ.’ என்கிறார்கள். கூகுளின் தரவு மையங்களில் இது சுமார் 1.1. சிறு அலுவலகங்களில் 2ஐத் தொட்டாலும் வியப்பில்லை.

200 வாட் இழுக்கும் ஒரு சர்வர் ஆண்டுக்கு 1,752 யூனிட் தின்னும். பி.யு.இ. 2 என்றால் மொத்தம் 3,504 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 35,000 ரூபாய்க்கு மேல்.

யாருக்காக ஓடுகிறது?

எனவே முதல் வேலை, தேவையற்றதை அணைப்பது. ஆய்வாளர்கள் ஜொனாதன் கூமியும் ஜான் டெய்லரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்த சர்வர்களில் 30 சதவீதம் ஆறு மாதமோ அதற்கு மேலோ உருப்படியான வேலை எதையும் செய்திருக்கவில்லை. மென்பொருளை மாற்றியிருப்பார்கள், பொறுப்பாளர் வேலையை விட்டுப் போயிருப்பார். அணைக்கப் பயந்து சர்வரை மட்டும் ஓட விட்டிருப்பார்கள்.

சந்தேகத்துக்குரிய சர்வரின் நெட்வொர்க் கேபிளை முதலில் கழற்றுங்கள். மாதக் கடைசிச் சம்பளக் கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல் எல்லாம் முடியும்வரை யாரும் தேடி வரவில்லையென்றால், தரவை நகலெடுத்துவிட்டு அணைத்துவிடலாம்.

மிஞ்சியவற்றை ஒன்றுசேர்ப்பது அடுத்த படி. ‘விர்ச்சுவலைசேஷன்’ மூலம் ஒரே இயந்திரத்துக்குள் பல சர்வர்களைத் தனித்தனியாக இயக்கலாம். தலா 200 வாட்டில் ஐந்து பழைய சர்வர்கள் செய்யும் வேலையை, தலா 300 வாட் இழுக்கும் இரண்டு சர்வர்களுக்கு மாற்றினால் 1,000 வாட் 600 ஆகும். ஒன்றே போதும் என்றாலும் இரண்டு வைப்பதுதான் பாதுகாப்பு. ஒன்று பழுதானால் மற்றது தாங்கும்.

எவ்வளவு குளிர் வேண்டும்?

சர்வர் அறை நடுங்கும் அளவுக்குக் குளிர வேண்டும் என்பது பழைய பழக்கம். அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர்கள் அமைப்பான ஆஷ்ரே, 18 முதல் 27 டிகிரி வரை போதும் என்று 2008 முதல் பரிந்துரைக்கிறது. இந்த அளவு ஏ.சி. ரிமோட்டில் தெரிவதல்ல, சர்வரின் முன்பக்கம் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை.

அதனால் காற்றோட்டத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். சர்வர்களை அடுக்கும் ரேக்கில் காலியாக உள்ள இடங்களை மூடாவிட்டால், பின்னால் வெளியேறும் சூடான காற்று முன்னால் திரும்பி வரும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஏ.சி. போடுவது போலத்தான் அது. மூடிகள் பொருத்தி, கேபிள்களை ஒதுக்கிக் கட்டிய பிறகு, ஒவ்வொரு டிகிரியாக உயர்த்திப் பார்க்கலாம். அளவு மீறினால் சர்வர் மின்விசிறிகள் வேகமெடுக்கும். வேகம் 20 சதவீதம் கூடினால் அவற்றின் மின்செலவு 70 சதவீதத்துக்கு மேல் கூடும், ஏ.சி.யில் மிச்சமானது இங்கே போய்விடும்.

வாங்கும்போது

புதிதாக வாங்கும்போது பவர் சப்ளையின் ‘80 பிளஸ்’ தரத்தைப் பாருங்கள். உயர்தரமான டைட்டானியம் வகை, 230 வோல்ட்டில் பாதிச் சுமையின்போது 96 சதவீதத் திறன் தர வேண்டும். யு.பி.எஸ்.ஸைத் தேவைக்கு மிகப் பெரிதாக வாங்காதீர்கள். குறைந்த சுமையில் அதன் திறன் சரியும். சர்வரின் பயாஸ் மென்பொருளில் மின்சிக்கன அமைப்பை இயக்குவதற்குச் செலவே இல்லை.

இவ்வளவும் எளிதென்றால் ஏன் நடப்பதில்லை? சர்வரை வாங்குவது ஐ.டி. பிரிவு, மின்கட்டணம் கட்டுவது கணக்குப் பிரிவு. அறைக்கு எவ்வளவு செலவாகிறது என்பது இருவருக்கும் தெரியாது. சர்வர் அறைக்குத் தனியாக ஒரு சப் மீட்டர் பொருத்தி, மாதாமாதம் அந்த எண்ணை ஐ.டி. பிரிவின் மேசைக்கு அனுப்புங்கள். மேலே சொன்ன எதைச் செய்வதற்கும் முன் செய்ய வேண்டியது இதுதான்.