சொந்தக் கூரை தேடிய வாணிபம்

நம் இல்லங்களில் பிள்ளைகள் வீடியோ கேம் ஆடுவதைக் கண்டு, பொழுது வீணாகிறதே என்று கடிந்துகொள்கிறோம். அவ்விளையாட்டின் பின்னே பெரியதொரு வாணிபம் இருக்கிறது. அது தனக்கெனச் சந்தை அமைத்துக்கொண்ட வரலாறு நாம் அறியத்தக்கது.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இத்தொழிலுக்குத் தனிப் பெருங்கண்காட்சி இல்லை. லாஸ் வேகாஸிலும் சிக்காகோவிலும் நடந்த நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில் அது ஒண்டிக் குடித்தனம் நடத்தியது. தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குத் தலைவாசல். விளையாட்டுக் கருவிகளுக்குப் புறவாசல். செகா நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவராயிருந்த டாம் கலின்ஸ்கி, 1991-இல் தம்மவரைக் கூடாரமொன்றில் ஒதுக்கியதையும், மழை ஒழுகிக் கருவிகள் நனைந்ததையும் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இதனிடையே வேறொரு சோதனையும் வந்தது. விளையாட்டுகளில் மலிந்த வன்முறை குறித்து 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் சபையினர் விசாரணை நடத்தினர். தொழில் தன்னைத் தானே திருத்திக்கொள்ளாவிடில் சட்டம் வரும் என்ற நிலை. அதுவரை ஒருவரையொருவர் பகைத்த நிறுவனங்கள் 1994-இல் ஒரு சங்கமாகக் கூடின. விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் குறிக்கும் வாரியமும் அவ்வாண்டே தோன்றியது. அச்சங்கத்தின் ஆதரவில் 1995 மே 11 முதல் 13 வரை, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 'எலெக்ட்ரானிக் என்டர்டெய்ன்மென்ட் எக்ஸ்போ' முதன்முறையாக நடைபெற்றது. 'ஈ 3' என்பது அதன் சுருக்கப் பெயர்.

முதல் நாளே போட்டி மூண்டது. செகா தன் சாட்டர்ன் கருவி 399 டாலர் என்றும், அன்றே சில கடைகளில் கிடைக்கும் என்றும் அறிவித்தது. சொல்லாமல் விடப்பட்ட கடைக்காரர்கள் சினந்தனர். பின்னர் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, "299" என்று மட்டும் கூறி இறங்கினார். பிளேஸ்டேஷனின் விலை அது! அரங்கம் ஆரவாரித்தது. நூறு டாலர் வேறுபாட்டை எந்தக் குடும்பத் தலைவர்தான் எண்ணாதிருப்பார்? அமெரிக்கச் சந்தையில் சாட்டர்ன் தலைதூக்கவேயில்லை.

1997, 1998 ஆண்டுகளில் கண்காட்சி அட்லாண்டாவுக்குச் சென்று, 1999-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கே திரும்பியது. நெடுங்காலம் அது வணிகர்க்கும் செய்தியாளர்க்கும் மட்டுமே உரியதாயிருந்தது.

காலம் மாறியது. நிறுவனங்கள் இணையத்தின் வழியே மக்களிடம் நேரே பேசத் தொடங்கின. சோனி 2019-இல் வரவில்லை; 2020-இல் கொள்ளைநோய் தடுத்தது. 2023 டிசம்பரில் கண்காட்சி நிரந்தரமாக முடிவுற்றதாக அறிவிப்பு வந்தது.

ஒதுக்கப்பட்டபோது கூடிக் கட்டிய கூரை அது. செழித்தபின் அவரவர் தனி வழி சென்றதால் வெறிச்சோடிற்று. வாணிபத்துக்கு மட்டுமா இந்தப் பாடம்? அன்பர்கள் சிந்திப்பார்களாக.