காத்திருக்கும் இல்லறம்

ஞாயிறு திருப்பலி நிறைவுற்று, மக்கள் ஆலய முற்றத்தில் நின்று உரையாடுகின்ற வேளை. இளம் பெண்ணொருத்தி முக்காட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீதிப்பக்கமாக விரைகிறாள். ஒரு குரல் அவளைத் தடுத்து நிறுத்துகிறது. “என்ன பிள்ளை, இன்னும் அவர் கூப்பிடேல்லையோ?” அன்போடு கேட்கப்பட்ட கேள்விதான். “இல்லை மாமி, பேப்பர் போட்டிருக்கு. வரும்” என்று சிரித்தபடி சொல்லிவிட்டு அவள் நகர்கிறாள். அடுத்த ஞாயிறு, ஆட்கள் குறைந்த முதற் பூசைக்கு வந்து போகிறாள். அதற்கடுத்த ஞாயிறு அவள் வரவேயில்லை.

அன்புக்குரிய வாசகர்களே, இப்பிள்ளையை நாம் எல்லோரும் அறிவோம். பெயரும் பங்கும் வேறுபடலாம், நிலைமை ஒன்றுதான். மணமகன் ஒரு மாத விடுமுறையில் வருகிறார். பீடத்தின் முன் இருவரும் கரம் பற்றி, இன்பத்திலும் துன்பத்திலும் பிரியோம் என வாக்களிக்கின்றனர். விடுமுறை முடிந்ததும் அவர் விமானம் ஏறுகிறார். அகதியாகச் சென்றதனால் தாய்நாட்டுக்குத் திரும்ப இயலாதவர்கள் தமிழகத்துக்கு வந்து, அங்கே மணம் முடித்துத் திரும்புவதும் உண்டு. அதன் பின்னர் திருமணப் படங்களும் தொலைபேசிப் பதிவுகளும் விமானச் சீட்டுகளும், தங்கள் அன்பு உண்மையானதே என்று ஓர் அதிகாரிக்கு நிரூபிக்கும் சான்றுகளாக மாறிவிடுகின்றன.

காத்திருப்பு ஏன் நீள்கிறது என்பதை வீட்டிலிருப்போர் பலர் அறிவதில்லை. பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். வாழ்க்கைத் துணையை அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் காட்ட வேண்டும் என்ற விதி 2012ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி முதல் புதிதாக விண்ணப்பிப்போருக்கு அத்தொகை 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கு நிர்ணயிக்கப்பட்ட ஆகக்குறைந்த ஊதியம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுண். வாரம் 40 மணித்தியாலம் வீதம் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் கிடைப்பது ஏறத்தாழ 25,400 பவுண் மட்டுமே. கடையிலோ களஞ்சியசாலையிலோ அந்த ஊதியத்துக்கு நிற்கும் மணமகன், எட்டு மணிநேர வேலையோடு நின்றால் தன் மனைவியை அழைக்க முடியாது. சேமிப்பை மட்டும் காட்டி விண்ணப்பிப்பதானால் 88,500 பவுண் வேண்டும். இதற்கு மேலாக மனைவி ஆங்கிலப் பரீட்சையில் தேறவும், காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் பெறவும் வேண்டும். ஜேர்மனியும் 2007ஆம் ஆண்டு முதல் அழைக்கப்படும் துணையிடம் அடிப்படை ஜேர்மன் மொழி அறிவை எதிர்பார்க்கிறது.

எனவே, “கூப்பிடேல்லையோ” என்று நாம் கேட்கும்போது, கணவனின் அன்பைச் சந்தேகிப்பது போன்ற ஒரு கேள்வியை அறியாமலே எழுப்பிவிடுகிறோம். அவரோ இரவு வேலையும் பகல் வேலையும் செய்து, அந்தத் தொகையை எட்டிப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த ஓட்டத்தைச் சொல்ல வெட்கப்பட்டு அவர் மனைவியிடம் மறைக்கிறார். தன் அழுகையைச் சொன்னால் அவர் உடைந்துவிடுவார் என்று அவளும் மறைக்கிறாள். ஒருவர் மீது மற்றவர் கொண்ட அன்பினாலேயே இருவருக்கும் இடையில் மௌனம் வளர்கிறது. மௌனம் வளர்ந்த இடத்தில் சந்தேகம் வந்து குடியேறுகிறது. கடல் பிரித்ததைக் காட்டிலும் இது கொடிய பிரிவு.

இத்தகைய பிரிவைத் திருவிவிலியமும் அறிந்திருக்கிறது. மோசே தன் மனைவி சிப்போராவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு எகிப்தை நோக்கிப் புறப்பட்டதை நாம் வாசித்திருக்கிறோம். ஆனால் விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரத்துக்கு வரும்போது, அவளும் இரு புதல்வரும் அவளுடைய தந்தை இத்திரோவின் வீட்டில் இருக்கின்றனர். மோசே அவளை அனுப்பி வைத்திருந்தார் என்று மட்டும் நூல் கூறுகிறது. எவ்வளவு காலம், எக்காரணத்தால் என்று அது விளக்கவில்லை. செங்கடலை மக்கள் கடந்தபோது, பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோது, இறைவாக்கினரின் மனைவியோ பிறந்தகத்தில் இருந்தாள்.

அவளுடைய மூத்த மகனின் பெயர் கேர்சோம். அந்நிய நாட்டில் தான் அந்நியனாய் இருந்ததை எண்ணி மோசே இட்ட பெயர் அது. இளையவன் எலியேசர், கடவுளே தன் துணை என்பது அப்பெயரின் கருத்து. புலம்பெயர்ந்த ஒருவனின் தனிமையும் அவன் நம்பிக்கையும் அந்த இரு பெயர்களுக்குள் அடங்கிவிடுகின்றன. தூரத்தில் இருந்த தந்தையைப் பற்றி அப்பிள்ளைகள் அறிவதற்கு அவர்களுடைய பெயர்களே போதுமாயிருந்தன.

இத்திரோ செய்ததை நாம் உற்று நோக்க வேண்டும். “உன் கணவன் உன்னை மறந்துவிட்டான்” என்று அவர் மகளிடம் சொன்னதாக நூலில் இல்லை. மருமகனைப் பழித்ததாகவும் இல்லை. ஆண்டவர் செய்தவற்றைக் கேள்வியுற்றதும், மகளையும் பேரப்பிள்ளைகளையும் தாமே அழைத்துக்கொண்டு பாலைநிலத்துக்குச் செல்கிறார். மோசே வெளியே வந்து அவரை வணங்கி முத்தமிடுகிறார். ஒருவரை ஒருவர் நலம் விசாரித்தபின் கூடாரத்தினுள் நுழைகின்றனர். பிரிந்திருந்த ஒரு குடும்பம் மீண்டும் சேர்வதற்கு ஒரு மாமனார் கருவியானார். எமது வீடுகளில் உள்ள பெற்றோரும் மாமன் மாமியரும் இந்தப் பணிக்கே அழைக்கப்படுகின்றனர்.

திருமண வாழ்வு விமான நிலையத்தில் தொடங்குவதன்று. பீடத்தின் முன் இருவரும் தந்த சம்மதத்தில் தொடங்கிவிட்டது. ஆகவே, வீசா வரும்வரையுள்ள காலம் இல்லறத்துக்கு வெளியே கழியும் வெறுங்காலம் அல்ல. அதுவும் இல்லறமே. அதேவேளை, இப்பிரிவு இறைவன் விரும்பிய இயல்பு நிலை என்று நாம் ஆறுதல் கூறிவிடவும் கூடாது. தம்பதியர் கூடி வாழ்வது அவர்களது கடமையும் உரிமையுமாகும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1151ஆம் இலக்கத்தில் கூறுகிறது; நியாயமான காரணமே அதற்கு விலக்களிக்கும். தம்பதியர் பிரிந்திருப்பதானால் அது இருவரின் உடன்பாட்டுடன், செபத்துக்காக, சிறிது காலமே இருக்கட்டும் என்று கொரிந்தியருக்குப் புனித பவுலும் அறிவுறுத்துகிறார். புலம்பெயர்ந்து உழைப்போர் தம் குடும்பத்தோடு விரைவில் ஒன்றுசேரும் உரிமையுடையவர்கள் என்பதைத் திருப்பீடம் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட குடும்ப உரிமைகள் சாசனம் அறிக்கையிட்டிருக்கிறது. எனவே அழுகின்ற மனைவி விசுவாசம் குன்றியவள் அல்லள். உரிமையான ஒன்றுக்காகவே அவள் அழுகிறாள்.

அப்படியானால் இக்காலத்தை எவ்வாறு கடப்பது? முதலாவதாக, உண்மை பேசுங்கள். சம்பளம் எவ்வளவு, விண்ணப்பம் எந்நிலையில் உள்ளது, கடன் எவ்வளவு என்பவற்றைக் கணவன் மனைவியிடம் மறைக்காதிருக்கட்டும். கசப்பான செய்தியைத் தாங்கிக்கொள்ளலாம். செய்தியே இல்லாத நாட்களைத் தாங்குவது கடினம். இரண்டாவதாக, செபத்துக்கென ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே இரவு ஒன்பதரை மணி என்றால் இலண்டனில் பிற்பகல். கோடைகாலத்தில் ஐந்து மணி, குளிர்காலத்தில் நான்கு மணி. ஒரு பத்து மணிச் செபமாலையைத் தொலைபேசியில் இருவரும் சேர்ந்து சொல்ல ஐந்து நிமிடம் போதும். சண்டையிட்ட நாளிலும் அதை விடாதீர்கள்.

மூன்றாவதாக, பொய்யின் வழியை நாடாதீர்கள். போலிச் சம்பளப் பற்றுச்சீட்டு தயாரித்துத் தருவதாகவும், எல்லாம் விரைவில் முடியும் என்றும் சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் பொய்த் தகவல் தந்ததாகக் காணப்படுபவருக்கு ஐந்து ஆண்டுகள் நுழைவு மறுக்கப்படும். காலத்தைக் குறைக்கச் சொன்ன பொய் ஐந்து ஆண்டுகளைக் கூட்டிவிடும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் கதவு அடைபட்டுவிட்டதென எண்ணிவிட வேண்டாம். பிரித்தானியாவுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்த வாழ்க்கைத் துணை பொதுவாக 28 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அந்த நாட்களை அழுதே கழித்துவிடாமல் தகுதியுள்ள சட்டத்தரணியை அணுகுங்கள்.

நேர்த்தி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மடு அன்னையிடமும் கொச்சிக்கடை அந்தோனியாரிடமும் கண்ணீரோடு செல்லுங்கள். ஆனால் நேர்த்தி ஒரு பேரம் அன்று. வீசா கிடைத்தால் இறைவன் நல்லவர், மறுக்கப்பட்டால் கைவிட்டவர் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். முத்திரையைக் குத்துவது ஓர் அரசு. அது குத்தப்படும் நாளிலும் குத்தப்படாத நாளிலும் உங்களோடு இருப்பவர் ஆண்டவர்.

பெற்றோர்களே, பேச்சுக்காலிலேயே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். மாப்பிள்ளையின் படிப்பையும் வீட்டையும் விசாரிக்கும் நாம், அவருக்கு நிரந்தர வதிவிட உரிமை உண்டா, அகதிக் கோரிக்கை இன்னும் முடிவின்றி இருக்கிறதா என்று கேட்கத் தயங்குகிறோம். அத்தயக்கத்தின் விலையை ஆண்டுகளாகக் கொடுப்பவள் உங்கள் மகள். பேப்பர் போடுவதற்காக எழுத்தை மட்டும் முதலில் முடிக்க எண்ணினால், பங்குத்தந்தையுடன் கலந்து பேசுங்கள். கத்தோலிக்கருக்குப் பதிவு மட்டும் திருவருட்சாதனம் ஆகாது.

பங்கு மக்களே, அப்பிள்ளை அடுத்த ஞாயிறு வந்தால், அழைப்பைப் பற்றிக் கேளாதிருப்போம். “சாப்பிட்டியோ, பிள்ளை? வீட்டுக்கு வந்து போ” என்போம். பாடகர் குழாமிலோ மறைக்கல்வி வகுப்பிலோ அவளுக்கு ஓர் இடம் கொடுப்போம். இங்கிருந்து போகப்போகிறவள்தானே என்று ஒதுக்காமல், இன்று எம்மோடு இருப்பவள் என்று ஏற்றுக்கொள்வோம்.

சிப்போராவை மோசேயின் கூடாரத்துக்குச் சேர்ப்பித்த ஆண்டவரே, கடலின் இரு கரைகளிலும் காத்திருக்கும் தம்பதியரைக் கண்ணோக்கியருளும். அவர்களுடைய வாக்கு உறுதியாய் நிலைக்கவும், அவர்கள் ஒரே கூரையின் கீழ் உம்மைப் புகழும் நாள் விரைந்து வரவும் அருள்புரியும். ஆமென்.