விரல் வேகமும் விடாமுயற்சியும்

கையடக்கத் திரையில் பத்துக் கதைகளின் நாயகர்களை மோதவிட்ட 'டிசிடியா', சண்டை விளையாட்டின் பழைய கணக்கைத் திருத்தி எழுதியது

சண்டை விளையாட்டில் தோற்பவனுக்கு ஆறுதல் பரிசு கிடையாது. 1991ல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்து இந்த வகை வீடியோ கேம்களுக்கு இலக்கணம் வகுத்ததிலிருந்து சட்டம் ஒன்றுதான்: விரல் வேகமாக ஓடினால் வெற்றி, தடுமாறினால் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். நூறு தடவை தோற்றவனின் வீரன் நூற்றோராவது தடவையும் அதே பலத்துடன்தான் களத்தில் இறங்குவான்.

பாத்திரமேற்று ஆடும் 'ரோல்-பிளேயிங்' விளையாட்டுகள் இதற்கு நேர் எதிர். இவற்றில் அவசரம் இல்லை. ஒவ்வொரு சண்டைக்கும் அனுபவப் புள்ளி உண்டு. புள்ளிகள் சேரச் சேர நாயகன் ஒவ்வொரு படியாக உயர்வான். இன்று அசைக்க முடியாத அரக்கனை அடுத்த வாரம் வந்து சாய்த்துவிடலாம். முன்னது திறமைசாலிகளின் ராஜ்யம் என்றால் பின்னது பொறுமைசாலிகளின் ராஜ்யம்.

ஒத்துப்போகாத இந்த இரு வீடுகளுக்கும் சம்பந்தம் பேசி முடித்த விளையாட்டுதான் 'டிசிடியா ஃபைனல் ஃபான்டசி'. ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2008 டிசம்பர் 18 அன்று இதை வெளியிட்டது. சரியாக 21 ஆண்டுகளுக்கு முன், 1987ல் அதே தேதியில்தான் முதலாவது 'ஃபைனல் ஃபான்டசி' வெளியானது. புதிய விளையாட்டு வந்து சேர்ந்த இடம் வரவேற்பறைத் தொலைக்காட்சி அல்ல; சட்டைப் பையை நிறைக்கும் சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள், சுருக்கமாக பிஎஸ்பி. அதன் திரை 4.3 அங்குலம்.

ஒரே களத்தில் பத்து உலகங்கள்

'ஃபைனல் ஃபான்டசி' வரிசையில் எண்கள் தொடர்ந்தாலும் கதைகள் பெரும்பாலும் தொடர்வதில்லை. ஒவ்வொரு எண்ணும் தனி உலகம், தனி நாயகன், தனி வில்லன். ஏழாம் பாகத்தின் க்ளவுடுக்கும் நான்காம் பாகத்தின் செசிலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இராமாயணத்து நாயகனையும் பாரதத்து நாயகனையும் ஒரே தேரில் ஏற்றினால் எப்படியிருக்கும்? அந்தக் காரியத்தைத்தான் 'டிசிடியா' செய்தது. முதல் பத்துப் பாகங்களிலிருந்து ஆளுக்கொரு நாயகன், ஆளுக்கொரு வில்லன். மறைந்திருந்து பிறகு சேரும் இருவரையும் கூட்டினால் மொத்தம் 22 பேர்.

வெவ்வேறு கதைகளின் வீரர்களை மோதவிடும் யோசனை புதியதல்ல. எஸ்.என்.கே. நிறுவனம் 1994ல் 'தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்' மூலமாகவும், நின்டென்டோ 1999ல் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' மூலமாகவும் இதைச் செய்து காட்டியிருந்தன. ஆனால் 'ஃபைனல் ஃபான்டசி' ரசிகர்கள் வேறு ரகம். பட்டியலைப் பார்த்து, யோசித்து, 'தாக்கு', 'மந்திரம்', 'மருந்து' என்று கட்டளை தந்தே பழகியவர்கள். அவர்களை நொடிக்கு நொடி பொத்தான் அழுத்தச் சொன்னால் ஓடிவிடுவார்கள். இயக்குநர் டகேஷி அரகாவாவும், பாத்திரங்களை வடிவமைத்த டெட்சுயா நொமுராவும் அடங்கிய குழுவின் முன்னிருந்த சிக்கல் இதுதான்.

துணிவே மூலதனம்

விடை இரண்டு எண்களில் கிடைத்தது. ஒவ்வொரு வீரனுக்கும் உயிரைக் காட்டும் எண் ஒன்று, 'பிரேவரி' எனப்படும் துணிவைக் காட்டும் எண் ஒன்று. தாக்குதலும் இரண்டு வகை. ஒரு பொத்தானை அழுத்தினால் எதிராளியின் உயிருக்குச் சேதமில்லை. அவன் துணிவைப் பிடுங்கி நம் கணக்கில் சேர்க்கலாம். இன்னொரு பொத்தான் உயிரையே குறிவைக்கும். அந்த அடி பட்டால், நம் கையிருப்பில் எவ்வளவு துணிவு இருக்கிறதோ அவ்வளவு உயிர் எதிராளிக்குக் குறையும். கூடவே நம் கையிருப்பும் பூஜ்யமாகி, மெல்லத்தான் திரும்ப ஏறும்.

எதிராளியின் உயிர் 4,800, நம் துணிவு 5,000 என்றால் ஒரே அடியில் ஆட்டம் முடியும். ஆனால் 3,000லேயே அடித்துவிடுவதா, 5,000 வரை சேர்ப்பதா? சேர்த்துக்கொண்டே போனால், இடையில் எதிராளி ஒரே பாய்ச்சலில் அள்ளிக்கொண்டு போகலாம். துணிவு பூஜ்யத்துக்கும் கீழே போனால் 'பிரேக்': களத்தில் பொதுவாக வைக்கப்பட்டிருக்கும் போனஸ் துணிவு மொத்தமும் அடித்தவனுக்குப் போய்ச் சேரும். எப்போது சேமிப்பது, எப்போது செலவழிப்பது என்ற இந்தக் கணக்கு, விரல் வேகம் குறைந்தவருக்கும் புரியும். வாள் வீச்சுக்கு நடுவே வரவு செலவுப் புத்தகத்தைத் திறந்து வைத்ததுதான் இந்த விளையாட்டின் மூளை.

மீதியை உழைப்பு பார்த்துக்கொள்ளும். வீரர்கள் 1லிருந்து 100வது படி வரை வளர்வார்கள். புதிய தாக்குதல்களைக் கற்று, வாள், கவசம், அணிகலன் என்று தேடித் தேடிப் பூட்டிக்கொள்வார்கள். கையடக்கக் கருவியின் குணத்தையும் அமைப்பாளர்கள் மறக்கவில்லை. வாரத்தில் எந்த நாள் அதிகம் ஆடுவீர்கள் என்று தொடக்கத்திலேயே கேட்டு, அந்த நாளுக்குக் கூடுதல் வெகுமதி தந்தார்கள். நண்பரின் கருவி அருகில் இருந்தால் கம்பியில்லாத் தொடர்பில் நேரடியாக மோதலாம். அட்டை பரிமாறிக்கொண்டால், அவர் வளர்த்த வீரனின் நிழலுடன் பிறகு தனியாகவும் மோதலாம்.

பொத்தான் சண்டை வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்குக் கட்டளை முறை இருந்தது. என்ன செய்வது என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், எப்படிச் செய்வது என்பதைக் கருவி பார்த்துக்கொள்ளும். மறுபக்கம், 2009ல் வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன பதிப்பில் 'ஆர்கேட்' முறை சேர்ந்தது. அதில் வளர்த்த பலம் செல்லாது. விரல் மட்டுமே பேசும். ஒரே தட்டில் இரு தரப்புக்கும் இடம் கிடைத்தது.

குறைகளும் இல்லாமல் இல்லை. குறுகலான களங்களில் காட்சிக் கோணம் சுவரில் முட்டிக்கொண்டு எதிராளியை மறைத்துவிடும். சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் காய் நகர்த்தும் கதைப் பகுதி, பத்து நாயகர்களுக்கும் திரும்பத் திரும்ப வரும்போது அலுப்புத் தட்டும். கதை இணக்கத்தின் தேவதை காஸ்மோஸுக்கும் பிணக்கின் தேவன் கேயாஸுக்கும் முடிவின்றி நடக்கும் போர். அதில் உயிர் பெற்று நிற்பவை ரத்த உறவுகளின் மோதல்கள்தான்: மகன் டைடஸுக்கு எதிரே தந்தை ஜெக்ட், தம்பி செசிலுக்கு எதிரே அண்ணன் கோல்பெஸ்.

பாகப் பிரிவினை

2011 மார்ச்சில் அதே கருவிக்கு வந்த 'டிசிடியா 012' இந்தக் கூட்டுக் குடும்பத்தை மேலும் பெரிதாக்கியது. சதுரங்கப் பலகைக்கு மேல், நடந்து திரிய ஓர் உலக வரைபடத்தையும் விரித்தது. முந்தைய விளையாட்டின் கதையையும் தன்னுள் மறுபடி சேர்த்துக்கொண்டது.

பிறகுதான் பாகப் பிரிவினை. 2015 நவம்பரில் ஜப்பானிய விளையாட்டுக் கூடங்களுக்கும், 2018 ஜனவரியில் 'டிசிடியா என்டி' என்ற பெயரில் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கும் வந்த புதிய அவதாரம் மூவருக்கு மூவர் என்ற போட்டியாக மாறியது. துணிவும் உயிரும் தொடர்ந்தன. ஆனால் கவசம் தேடுவதும் பலத்தைப் படிப்படியாக வளர்ப்பதும் விடைபெற்றன. எல்லோரும் சமபலத்தில் நின்று மோதும் பந்தய மைதானம் அது. உழைப்பின் பங்கு இன்னொரு வீட்டுக்குப் போனது: 2017 பிப்ரவரியில் ஜப்பானில் தொடங்கிய 'ஓபரா ஓம்னியா' என்ற செல்போன் விளையாட்டு. அதில் முறை வைத்து யோசித்து ஆடலாம். விரல் வேகத்துக்கு வேலையே இல்லை.

விரலை ஒருவரும் பொறுமையை ஒருவரும் எடுத்துக்கொண்ட பிறகு இரண்டு வீடுகளும் நெடுநாள் நிலைக்கவில்லை. 'என்டி'க்கு இனிப் புதிய சேர்க்கைகள் இல்லை என்று 2020 மார்ச்சில் நிறுவனம் அறிவித்தது. 'ஓபரா ஓம்னியா' 2024 பிப்ரவரி 29 அன்று மூடப்பட்டது. பாகப் பிரிவினை ஒன்றே இதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சந்தைக்கு ஆயிரம் கணக்குகள் உண்டு. ஆனால் மூத்த விளையாட்டை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டியது அந்தக் கூட்டுச் சமையல்தான் என்பதை மறுப்பது கடினம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. செல்போன் விளையாட்டு நிறுவனத்தின் கணிப்பொறிகளில் உயிர் வாழ்ந்தது. அவை நின்றதும், ஏழு வருடம் வரை வீரர்களை வளர்த்தவர்களின் உழைப்பும் அதோடு போனது. பிஎஸ்பியின் தயாரிப்பும் 2014லேயே நின்றுவிட்டதுதான். ஆனால் அதன் தட்டையும் சேமிப்பு அட்டையையும் வைத்திருப்பவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பாட்டரி தாங்கும்வரை, 2008ல் முதற்படியில் தொடங்கி நூறாவது படிக்கு ஏற்றிய வீரன் அந்தச் சின்னத் திரையில் இன்றும் அதே பலத்துடன் வந்து நிற்பான்.